ஏழாம் கருவி நின்ற இடம்

சொந்தமாக வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் வேண்டும் என்று நாடு முடிவெடுத்தபோது எனக்குக் கிடைத்த வேலை, குறை கண்டுபிடிப்பது. அதற்கென்றே பிறந்தவள் நீ என்பாள் அக்கா. பள்ளியில் கணக்கு டீச்சர். குறை கண்டுபிடிப்பதில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

ஆறு ஊர்களில், ஆறு கட்டடங்களின் கூரை மேல், ஆறு கருவிகள் வைத்திருக்கிறோம். கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கியவை. அவை இருக்கும் இடம் விரற்கடை பிசகாமல் எங்கள் பட்டியலில் இருக்கிறது. மேலிருந்து வரும் சிக்னலை வாங்கி, தாம் எங்கே இருக்கிறோம் என்று அவை எங்களுக்குச் சொல்லும். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் பழி அந்தக் கருவி மேல். அதைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவோம். பாதிக்கு மேல் முரண்டு பிடித்தால் பழி பட்டியல் மேல். மென்பொருளே அதைத் திருத்திக்கொள்ளும். இந்த விதியை எழுதிய புத்திசாலி நான்தான்.

ஏழாம் கருவி மட்டும் நகரக்கூடியது. கடல் சோதனைக்கான படகில் இருந்தது. படகை ஓட்டியவர் அக்காவின் கணவர், என் மாமா.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு முற்பகலில், அந்தக் கருவி போக வேண்டிய பாதையை விட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நிற்பதாகச் சொன்னது. மாமா நூல் பிடித்த மாதிரி படகு ஓட்டுபவர். அவர் தப்பு செய்ய மாட்டார், அதனால் கருவிதான் உளறுகிறது என்று நினைத்தேன். விலக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மாலையில் படகு திரும்பவில்லை. தேடப் போனவர்கள் இடம் கேட்டபோது, போக வேண்டிய பாதையைத்தான் கொடுத்தேன். மாமா கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அன்றைய காற்றின் திசையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்ஜின் நின்றுபோன படகைக் காற்று, கருவி சொன்ன அதே இடத்துக்குத்தான் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

அதற்குள் அக்காவிடம், "ஒரு நிமிஷம்கூட ஆயிருக்காதுக்கா. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லியிருந்தேன். அதை நம்பித்தான் அவள் கொஞ்சமாவது தூங்கினாள். உண்மையைச் சொன்னால் அந்தத் தூக்கமும் போகும், எனக்கு அக்காவும் போவாள். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசிச் செயற்கைக்கோள் போன மாதம் மேலே போனது. வெள்ளிக்கிழமை மொத்த அமைப்பையும் மக்களுக்குத் திறந்துவிடுவதாக ஏற்பாடு. அந்த வாரத் திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு, திரையில் ஏழாம் கருவி வந்தது. கடலில் அதே இடம்.

தண்ணீருக்கு அடியிலிருந்து சிக்னல் வராது. அதன் பேட்டரி முப்பது மணி நேரம் தாங்கினாலே அதிகம்.

எங்கள் அணுக் கடிகாரங்களைப் பார்த்துக்கொள்பவருக்கு அலுவலகத்தில் 'லேட்டு' என்று பெயர். ஒரு நாளும் நேரத்துக்கு வந்தவர் இல்லை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய டேட்டா எங்கயாவது சிக்கியிருக்கும். விலக்கிடுங்க மேடம்" என்றார். விலக்கினேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் கருவி, தான் கடலில் அதே இடத்தில் இருப்பதாகச் சொன்னது. அது இருப்பது கடலிலிருந்து நானூறு கிலோமீட்டர் உள்ளே, ஒரு கல்லூரிக் கூரையில். லேட்டு அங்கே இருந்த காவலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேல ஏறிப் பாத்தேன் சார். வச்ச இடத்துலயேதான் இருக்கு" என்றார் காவலாளி. "ஆனா நனைஞ்சிருக்கு. இங்க மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன், ஒரே உப்பு."

லேட்டு சிரித்தார். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை.

அதையும் விலக்கினேன். புதன்கிழமை இன்னும் இரண்டு கூரைகள் கடலுக்குப் போயின. வியாழக்கிழமை நான்காவது கூரையும் போனது. பாதிக்கு மேல் ஆகிவிட்டதால் மென்பொருள் என் விதிப்படி பட்டியலைத் திருத்தியது. என் பையிலிருந்த சோதனைப் போன், நான் நடுக்கடலில் நிற்பதாகக் காட்டியது. கீழே தரை இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் தட்டியிருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "பழைய பட்டியலை எடுத்துப் போடுங்க. மதியம் திறப்பு விழா."

"சிஸ்டம் எடுக்க விடல சார்" என்றார் லேட்டு. "முதல் விலக்கல் சரிதானான்னு கேட்டுட்டு நிக்குது. விலக்குனவங்கதான் பதில் சொல்லணுமாம்."

திரையில் எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. ஏழாம் கருவி. விலக்கியவர் என்ற இடத்தில் என் பணி எண். கீழே இரண்டு பொத்தான்கள்: சரி, தவறு.

'தவறு' என்று அழுத்தினால் அது கோப்பில் ஏறும். கோப்பில் ஏறினால் அக்கா காதுக்கும் போகும். நான் கோழை. 'சரி' என்று அழுத்தினேன்.

மிச்சமிருந்த இரண்டு கூரைகளும் கடலுக்குப் போயின. திரையில் அதே கேள்வி மறுபடி வந்து நின்றது. ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தேன். என் நாற்காலியைச் சுற்றி மட்டும் தரை நனைந்திருந்தது. லேட்டு அதைப் பார்த்துவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு அந்தக் கருவி சரியாத்தான் சொல்லிச்சு சார். நான்தான் நம்பல" என்றேன். 'தவறு' என்பதை அழுத்தினேன்.

கூரைகள் ஒவ்வொன்றாகத் தத்தம் ஊருக்குத் திரும்பின. ஏழாம் கருவி மட்டும் கடலிலேயே நின்றது. இயக்குநர் என்னைப் பார்க்காமல், "வீட்டுல நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். பள்ளியில் இடைவேளை, பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மணி அடித்து, பிள்ளைகள் வகுப்புக்குப் போய், அந்தப் பக்கம் அமைதியாகும்வரை இருவரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"நீ விலக்குனதுக்கு அப்புறமும் அது அனுப்பிட்டு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம் பத்து நிமிஷம்."

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?"

"செகண்டுக்கு ஒரு தடவை."

பெருக்கிப் பார்க்க அவளுக்குத் தாளும் பேனாவும் வேண்டியதில்லை.

"பதினஞ்சாயிரம் தடவை" என்றாள். "அத்தனை தடவையும் உன்கிட்டயா சொல்லிட்டு இருந்தாரு?"