குறட்டை பதிந்த கேசட்

"ஒன் இஸ் இனஃப்" என்றாள் அஞ்சனா. மே மாதம் பள்ளியில் வயலின் நிகழ்ச்சி. மூன்றாம் வகுப்பில் தனியாக வாசிக்கப் போவது அவள் ஒருத்திதான். வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவீர்கள் என்று ஒரு ஃபாரம் வந்திருந்தது. பென்சிலால் கொட்டையாக '1' என்று எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் மேக்னெட் வைத்து ஒட்டினாள்.

"அப்பாவுக்கு?"

"ஹி வில் ஜஸ்ட் ஸ்லீப்."

நான் என்னத்தைச் சொல்வது? கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கை அமெரிக்கக் கிழவர் தோளில் சாய்ந்து தூங்கிய மனுஷன் என் கணவர் பசுபதிதானே! மேடையில் நின்ற குழந்தை அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பாவிடம் அவள் எதையும் காட்டுவதில்லை.

அங்கே மட்டுமா தூங்கினார்? ரவுண்ட் ராக் ஊரில் அவர் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனி மீட்டிங்கில் தூங்கினார். தலைமுடி வெட்டிக்கொள்ளும்போது தூங்கினார். ஒரு நாள் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுத் தூங்கி, பின்னால் ஏழெட்டுக் கார்கள் ஹார்ன் அடித்த பிறகுதான் விழித்தார். அன்றே கார் சாவியைப் பிடுங்கி என் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். நான் லைசென்ஸ் வாங்கி நாலே மாசம். ஃப்ரீவேயில் நான் ஓட்டும் அந்தப் பதினைந்து நிமிஷம் மட்டும் அவர் தூங்க மாட்டார். உயிர்ப் பயம்.

பக்கத்து அபார்ட்மென்ட் சேனாபதி அங்கிள் வைத்தியம் சொன்னார். "சாதத்த நிறுத்தும்மா, சப்பாத்தி போடு." போட்டேன். சப்பாத்தி தின்றுவிட்டுத் தூங்கினார். காப்பியை இரண்டு மடங்காக்கினேன். டம்ளரைக் கீழே வைத்த கையோடு தூங்கினார். டாக்டர் ரத்தம் எடுத்து சர்க்கரை, இரும்புச் சத்து, தைராய்டு எல்லாம் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை.

"எல்லாம் நார்மல். அப்ப கொழுப்புதான்!" என்று கத்தினேன். "நைட் பத்து மணிக்குப் படுத்தா காலைல ஏழு வரைக்கும் வீடு அதிர்ற மாதிரி குறட்டை. ஒம்பது மணி நேரம் தூங்கினவருக்குப் பகல்ல என்ன தூக்கம்? சோம்பேறித்தனம்!"

"நான் வேணும்னா தூங்கறேன், புஷ்பா?" என்றார். பாவம், அதைச் சொல்லும்போதே கொட்டாவி வந்தது.

மார்ச் மாதத்தில் வயலின் டீச்சர், வீட்டில் பயிற்சி செய்வதைக் கேசட்டில் பதிந்து கொண்டுவரச் சொன்னார். ஞாயிறு மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து அஞ்சனா பதிந்தாள். அவள் அப்பா சோபாவில் மல்லாந்திருந்தார். இரண்டு நாள் கழித்துக் கேசட் திரும்பி வந்தது, ஒரு மஞ்சள் சீட்டோடு: 'நல்ல முன்னேற்றம். அடுத்த முறை யாரும் புல் வெட்டாத நேரத்தில் பதிவு செய்யவும்.'

அஞ்சனா அழுதுகொண்டே கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், மறுபக்கம் சிரிப்பு. அப்படி என்னதான் பதிந்திருக்கிறது என்று டேப்பைப் போட்டேன்.

முன்னால் வயலின், பின்னால் அசல் புல்வெட்டும் மெஷின்! சிரித்துக்கொண்டே கேட்டேன். திடீரென்று மெஷின் நின்றது. வயலின் மட்டும் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடி. இருபது. இருபத்தைந்து. பிறகு தண்ணீருக்குள் முங்கினவன் தலையைத் தூக்குகிற மாதிரி ஒரு திணறல், மறுபடி மெஷின். டேப் முடிவதற்குள் இப்படி ஏழு தடவை.

பத்து வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறேன். குறட்டை நின்றால் "அப்பாடா!" என்று திரும்பிப் படுத்துக்கொண்டவள் நான். அப்போது அவருக்கு மூச்சே நின்றிருக்கிறது.

மறுநாளே கேசட்டையும் அவரையும் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் குமுதினியிடம் இழுத்துக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி டேப்பை முழுவதும் கேட்டார்.

"போன முறை எப்பிடி நித்திரை எண்டு கேட்டனான். நல்லாத் தூங்கிறன் எண்டு சொன்னீங்கள்."

"நல்லா குறட்டை விடறாரே டாக்டர், அதனால..." என்று நான் இழுத்தேன்.

"குறட்டை விடுறது வேறை, நித்திரை கொள்ளுறது வேறை, புஷ்பவல்லி. தொண்டை அடைபட்டு மூச்சு நிக்குது போலை. நிக்கிற ஒவ்வொரு தரமும் மூளை இவரை எழுப்பி விடும். இவருக்கே தெரியாது. டெஸ்ட் செய்துதான் உறுதியாச் சொல்லலாம்." பிறகு அவரைப் பார்த்து, "மல்லாந்து படுக்காதேங்கோ. பதினைஞ்சு பவுண்டும் குறையுங்கோ" என்றார்.

பார்க்கிங்கில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிருங்க. சோம்பேறின்னேன், கொழுப்புன்னேன்..."

"கொழுப்பு இருக்குன்னுதான் டாக்டரும் சொல்லிட்டாங்களே. பதினஞ்சு பவுண்ட்" என்று சிரித்தார்.

ஆஸ்டினில் ஒரு இரவு உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு நாற்பது தடவை மூச்சு நின்றதாம். தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஏப்ரலில் ஒரு மெஷின் வந்தது. மூக்கில் முகமூடி, அதிலிருந்து நீளக் குழாய், காற்றை உள்ளே தள்ளும் பெட்டி. அஞ்சனா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். "அப்பா, யூ லுக் லைக் பிள்ளையார்." ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அதுதான்.

முதல் மூன்று நாள் பாதித் தூக்கத்தில் பிய்த்துப் போட்டார். நான் திட்டித் திட்டி மாட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே சமையலறையில் வந்து நின்றார்.

"புஷ்பா, நம்ம கிச்சன் சுவர் மஞ்சளா?"

"மூணு வருஷமா மஞ்சள்தான்!"

சாயங்காலம் நடக்கப் போனார். மீட்டிங்கில் கேள்வி கேட்டார். அந்த மாதக் கடைசியில் டாக்டர் சரியென்ற பிறகு சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாரையும்விட சேனாபதி அங்கிளுக்குத்தான் நிம்மதி, என் காருக்குப் பக்கத்தில் அவர் காரை நிறுத்துகிறவர்.

ஆனால் ஃப்ரிட்ஜில் '1' அப்படியே இருந்தது. ஞாயிறு மத்தியானம், சாப்பாடு முடிந்து, அவள் வயலினை எடுத்தாள். அவர் சோபாவில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். அரை மணி நேரம் இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. திங்கட்கிழமை ஃபாரத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போகும்போது பார்த்தேன். '1' ரப்பரால் அழிக்கப்பட்டு, '2' என்றிருந்தது.

நிகழ்ச்சியன்று மேடைக்கு வந்ததும் அவள் முதலில் தேடியது அவரைத்தான். இவரோ ஆணியடித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாசித்தாள். கைதட்டினார்கள். வீடு திரும்பும்போது அவரே காரை ஓட்டினார்.

"சூப்பர் கண்ணு. ஆனா நடுவுல ஒரு இடத்துல சுருதி தப்பிடுச்சே?"

அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "இன்னிக்கா சொல்லணும் இத?"

போச்சு, அழப்போகிறாள் என்று பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"யூ ஹர்ட் தட்?"

"கேட்டுதே."

"அம்மா! ஹி ஹர்ட் இட்!" என்று கத்தினாள். பெல்ட்டுக்குள் உட்கார்ந்தபடியே குதித்தாள். "அப்பா முழிச்சிட்டிருந்தாரு!"

வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு தப்பைப் பற்றியே இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.