எலிகளை அழவைத்த இசைத்தட்டு

காவிரித் தண்ணீர் மேல் சத்தியமாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

குடவாசல் வீரையனின் சம்பா கதிர் விடும் நேரத்தில் எலிகள் தாளை அறுத்துத் தள்ளின. மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிக்க வந்தவரே கையை விரித்துவிட்டார். வெள்ளாமை போய்விடுமே என்று பயந்த வீரையன், தஞ்சாவூர்ப் பழைய சாமான் கடையில் வாங்கிய இசைத்தட்டை வரப்பில் ஓடவிட்டார். அழுகைப் பாட்டான ப்ளூஸும், எதிரொலி அதிரும் டப் ரெகேயும் கலந்த தட்டு.

"என்னங்க இது, ஒருத்தரு அழுவுறாரு, அதுவே கெணத்துக்குள்ளேருந்து திரும்பத் திரும்பக் கேக்குது?" என்றாள் மனைவி ராசம்மாள்.

"நமக்கே நெஞ்சு அதிருதுல்ல? வளைக்குள்ள கெடக்குறதுக்கு எப்படி இருக்கும்!" என்றார் வீரையன்.

மூன்றாம் பாட்டில் எலிகள் குட்டிகளோடு வெளியேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையாகச் சீர்காழிப் பக்கம் நடந்தன. கடைசி எலியின் வாலும் மறைந்த பிறகுதான் வீரையன் தட்டை நிறுத்தினார்.

வீரையன் வீட்டிலோ குடவாசலிலோ இசைத்தட்டு ஓடும் பெட்டி இன்றுவரை கிடையாது.