ஜன்னலோரம் ஒரு மெஷின் அளவு இடம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடமிருந்து பிடுங்கப்பட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்த என்னை, சபைப் பத்திரிகையின் ஆசிரியர் வாசலில் மடக்கினார்.

"ஐயா, ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கீங்க? ஆண்டவர் பாத்துக்குவார், நாம நன்றி சொல்லிட்டு நிம்மதியா இருக்கலாம்னு ஒரு கதை கொடுங்களேன். படிச்சா மனசுக்குத் தெம்பா இருக்கணும்."

சும்மா இருப்பது எத்தனை பெரிய வேலை என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். கதை என்னிடம் தயாராக இருந்தது. கீழ் வீட்டில் நடந்த கதை. சிக்கல்கள் மட்டும் இரண்டு. கதாநாயகி உயிரோடு இருக்கிறாள், பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை வாசிப்பவள். அடுத்தது, சம்பவத்தை நேரில் பார்த்த சாட்சி என் மனைவி. நான் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லுகிற ஆள். (கொஞ்சமா? — மனைவி.)*

* தாளை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனால் இப்படித்தான். இனி அடைப்புக்குறிக்குள் யார் பேசுகிறார் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

2

கதையின் தொடக்கம். முதல் முயற்சி:

"வானம் பிளந்தது, இடி முழங்கியது, அந்தக் கணமே தையல் மெஷினிலிருந்து கரும்புகை எழும்பி ஊரையே—"

வேண்டாம். அன்று வானம் துடைத்துவைத்தது போல் இருந்தது. இடி என்னுடையது.

இரண்டாம் முயற்சி: "அவள் ஓர் ஏழைத் தையல்காரி, கண்ணீரே அவள்—"

இதுவும் வேண்டாம். அவள் வாசித்தால் என் கால்சட்டைகளை இனி தொடமாட்டாள். அவள் அழுமூஞ்சியும் அல்ல. சிரித்தால் மாடியில் என் காபிக் கோப்பை அதிரும். (இது உண்மை. — மனைவி.)

மூன்றாவது: செவ்வாய்க்கிழமை மத்தியானம் தையலக்காவின் மெஷின் எரிந்துபோனது.

இதை வைத்துக்கொள்கிறேன். சப்பென்றுதான் இருக்கிறது, ஆனால் அவளுக்கு அது சப்பென்று இல்லை. சனிக்கிழமை காலை ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் வெள்ளை கவுன் அவளிடம் இருந்தது. மேல்பாகம் முடிந்துவிட்டது, பாவாடைப் பகுதி மட்டும் இன்னும் துண்டு துண்டாக, வெட்டிய படியே கட்டிலில் கிடந்தது. மெஷின் 'க்ரீச்' என்றது, நின்றது, ரப்பர் கருகும் வாசனை வந்தது.

பழுது பார்ப்பவர் வந்து, திறந்து, மூடி, தொப்பியைக் கழற்றினார். "இனிமே இதுமேல பூந்தொட்டி வெக்கலாம், அக்கா."

இரவல் வாங்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். வாங்கினாள். எதிர்வீட்டு மெஷின் அந்த மெல்லிய துணியைக் கடித்துத் துப்பியது. இன்னொன்று நூலை மட்டும் தின்றது. புதிது வாங்க வழியில்லை. அதை விரித்துச் சொன்னால் கதை அழுகைக்குத் திரும்பிவிடும், ஆசிரியர் கேட்டது தெம்பு.

3

இங்கே அவளுடைய ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து அவள் செய்ததைப் படித்து, அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

தையலக்கா ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்டால், முதலில் நன்றி சொல்வாள். பிறகு அது வந்து உட்கார இடம் ஒழித்து வைப்பாள். கட்டில் வேண்டும் என்று ஜெபித்த அன்றே பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். கட்டில் வரும்வரை தம்பதிகள் அந்தக் காலியிடத்தைச் சுற்றி நடந்தார்கள். பிள்ளை வேண்டும் என்று ஜெபித்தபோது பீரோவின் கீழ்த்தட்டை ஒழித்துத் துடைத்து வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். மேல்தட்டிலிருந்த கணவனின் சட்டைகள் ஆணிக்குப் போயின. பிள்ளைகள் வளர்ந்து ஹாஸ்டலுக்குப் போனார்கள். சட்டைகள் இன்னும் ஆணியில்தான்.

அந்தக் கணவர் பஸ் ஓட்டுகிறவர். டிரைவர் என்றே அழைப்போம். புதன்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், ஜன்னலோரம் மெஷின் இருந்த இடத்தில் மெஷின் இல்லை. அதன் கால்கள் நின்ற தடம் தரையில் வெளிறித் தெரிந்தது.

"எங்கடி அது?"

"பழைய இரும்புக்காரர் வண்டியில ஏத்திவிட்டேன்."

"புதுசு வந்துடுச்சா?"

"வந்தா எங்க வெக்கிறது? அதான் இடம் ஒழிச்சேன்."

டிரைவர் கட்டிலில் உட்காரப்போனார். கட்டில் முழுக்க கவுன். நின்றுகொண்டே சொன்னார்: "நீ ஒவ்வொண்ணா ஒழிச்சு ஒழிச்சு ஆண்டவருக்கு ஓவர்டைம் வெக்கிற. அந்த மெஷினை வேற யாராவது பிரிச்சுப் பாத்திருப்பாங்கல்ல?"

வாசலில் வண்டி மறைந்த அந்த நொடியிலேயே அதே கேள்வி அவளுக்கும் வந்திருந்தது.

4

[ இந்தப் பகுதியில் ஓர் அற்புதம் வர வேண்டும். இன்னும் வரவில்லை. தையலக்காவைப் பார்த்து நானும் இடம் ஒழித்து வைக்கிறேன்.





நன்றி. ]

5

ஒன்றும் வரவில்லை. மேலே போகிறேன்.

அன்று சாயங்காலம் அவள் அந்தக் காலியிடத்தின் முன்னால் முழங்காலிட்டாள். வழக்கமாக அவள் ஜெபம் வாய்விட்டு, பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்து இருக்கும். அன்று மாடியில் எங்களுக்குச் சத்தமே கேட்கவில்லை. என்னதான் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். சொல்லமாட்டேன் என்றாள். நான் ஒரு வாரம் தொணதொணத்த பிறகு சொன்னாள்.

"ஆண்டவரே, நான் உங்கள நம்பினேனா, இல்ல உங்களையே மிரட்டினேனான்னு தெரியல. இடத்தைக் காட்டி, 'கொண்டாங்க'ன்னு கைய நீட்டினேனோ? அப்படின்னா மன்னிச்சிடுங்க. அந்தப் பொண்ணு கல்யாணத்தன்னிக்குத் தலைகுனிஞ்சு நிக்கக் கூடாது. அதான் வேணும். மெஷின் உங்க இஷ்டம்."

இந்த இடத்தில் முன்பு நான் ஒரு தேவதூதரை இறக்கியிருந்தேன். நல்ல உயரம், முறுக்கிய மீசை, தோளில் புத்தம்புது மெஷின். (தேவதூதருக்கு மீசையா? — மனைவி.) அடித்துவிட்டேன், மீசைக்காக அல்ல. அந்த ஜெபத்துக்குப் பக்கத்தில் அவர் வேஷம் கட்டிய ஆள் மாதிரி தெரிந்தார்.

உண்மையில் நடந்தது இது. அவள் எழுந்தாள். எது இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தவள், எது இருக்கிறது என்று பார்த்தாள். ஊசி இருந்தது. நூல் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பத்து விரலும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னாள், இந்த முறை வந்துவிட்ட பொருள்களுக்கு. காலியிடத்தில் சம்மணமிட்டு, முதல் துண்டையும் இரண்டாம் துண்டையும் சேர்த்துப் பிடித்து, கையால் தைக்க ஆரம்பித்தாள்: முன்னே ஓர் எட்டு, பின்னே அரை எட்டு.

தனி ஆளாக அதை சனிக்கிழமைக்குள் முடிக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். தைத்தாள்.

6

வியாழக்கிழமை காலை மணப்பெண் அளவு பார்க்க வந்தாள்.

"அக்கா, மெஷின் எங்க?"

"கொடுத்துட்டேம்மா."

"புதுசு?"

"வரும்."

"எப்போ?"

"அதைச் சொல்லல."

"யாரு சொல்லல?"

தையலக்கா மேலே பார்த்தாள். மணப்பெண்ணும் மேலே பார்த்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அய்யோ அக்கா! சனிக்கிழமை நான் நைட்டியிலயா போய் நிக்கணும்?"

அவள் அழுத அழுகையில் மாடிப்படி ஈரமானது (இல்லை. — மனைவி), நாங்கள் இருவரும் இறங்கி ஓடினோம். பெண்ணின் அம்மாவும் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எல்லோருக்கும் அவள் சிஸ்டர். திட்டத்தான் வந்தாள். வாயைத் திறந்தவள், தரையில் கிடந்த பாவாடைத் துண்டுகளையும், தையலக்காவின் விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகளையும் பார்த்தாள். வாயை மூடினாள். கைப்பையைக் கதவில் மாட்டினாள்.

"ஊசியக் கொடுங்க. மயக்கமருந்து கொடுக்காம தையல் போடறது எனக்கு இதான் முதல் தடவை."

தையலக்கா முதலில் சிரித்தாளா அழுதாளா என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை தகராறு.

அப்புறம் ஆள் சேர்ந்தது. முதல் வரைவில் நாற்பது பெண்கள் என்று எழுதியிருந்தேன். (அந்த ரூம்லயா? அடுக்கி வெச்சீங்களா? — மனைவி.) சரி, ஆறு பேர். ஜன்னலோரத்தில், அந்த வெளிறிய தடத்தின் மேலேயே, பாவாடையை நடுவில் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். மணப்பெண் தன் கல்யாணக் கவுனுக்குத் தானே பிசிறு வெட்டினாள். எனக்கு நூல் கோக்கும் இலாகா. கண்ணாடியை ஏற்றி இறக்கி நான் கோத்த ஊசிகளை வரிசையாக அடுக்கினால் சமுத்திரம் தாண்டும். தையலக்கா எல்லோர் தோளுக்கு மேலும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சிஸ்டர், அது காயம் இல்ல, பட்டு. மெல்ல இழுங்க."

வெள்ளிக்கிழமை டிரைவர் லீவு போட்டார். பஸ் சீட்டுக் கிழிசலைத் தைத்த அனுபவம் தனக்கு உண்டென்று கீழ்மடிப்பில் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கினார். தைத்து முடித்ததும் தையலக்கா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க இது, எங்க திரும்புது?"

"ரோடு அப்படி."

பிரிக்கப் போனாள். மணப்பெண் கையைப் பிடித்தாள். "இருக்கட்டும்க்கா. அது யார் தச்சதுன்னு எனக்குத் தெரியணும்."

வெள்ளிக்கிழமை வெளிச்சம் போவதற்கு முன்னால் கவுன் முழுசாக ஆணியில் தொங்கியது. டிரைவரின் சட்டைகள் மறுபடியும் இடம் மாறின.

7

முடிவு. என்னிடம் ஒன்று இருந்தது, அருமையானது. இதோ:

"மெஷின் அங்கே நின்றிருந்தால் ஒரு முக்காலிக்குத்தான் இடம். அவள் ஒழித்தது ஆறு பேருக்கான இடம். அவள் கேட்டது மெஷின், ஆண்டவர் அனுப்பியதோ—"

இதைத் தையலக்காவிடம் வாசித்துக் காட்டினேன், பாராட்டுக்காக. கேட்டுவிட்டு என் கால்சட்டையின் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு, அண்ணே. ஆனா அப்படி முடிக்காதீங்க."

"ஏம்மா? அதானே நடந்தது?"

"நடந்தது. நன்றியும் சொல்லிட்டேன், தினமும் சொல்றேன். ஆனா நீங்க இப்படி முடிச்சா, கணக்கு தீர்ந்துபோச்சுன்னு ஆகிடும். எனக்கு இன்னும் மெஷின் வேணும்."

எழுத்தில் எனக்கு இதுவரை விழுந்த அடிகளில் நல்ல அடி இது.

ஆகவே முடிவை அடித்துவிட்டேன். கல்யாணம் நடந்தது, பெண் தலைநிமிர்ந்து நடந்தாள், கீழ்மடிப்பு இடது பக்கம் கொஞ்சம் திரும்பியது; அதுவரைக்கும் எழுத எனக்கு அனுமதி உண்டு. ஜன்னலோரம் இன்னும் காலி. அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார டிரைவர் பார்த்தார். முறைப்புக்குப் பயந்து படிக்கட்டில் உட்காருகிறார். தையலக்கா தினமும் அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வந்த வேலையைக் கையால் தைக்கிறாள். பாட்டு மாடிவரை கேட்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு சின்ன லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்கிறது. கீழ் வீட்டு வாசல் பக்கம்தான். யாரோ "மெல்ல, மெல்ல, லெஃப்ட்ல" என்கிறார்கள்.

(கேஸ் வண்டியா இருக்கும். எட்டிப் பாக்காதீங்க, எழுதறத எழுதுங்க. — மனைவி.)

நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துச் சொன்னாலும் நீங்கள் நம்பப்போவதில்லை. முதல் பக்கத்திலேயே என் பேரைக் கெடுத்துக்கொண்டுவிட்டேன். அதனால் உங்களுக்கு ஓர் இடம் ஒழித்துத் துடைத்து வைக்கிறேன். வருவதை நீங்களே இறக்கி வையுங்கள்.

[





]

நன்றியை மட்டும் நான் இப்போதே சொல்லிவிட்டேன்.