ஒன்னியின் துப்பாக்கிக்கு வந்த நோய்

மான் வேட்டை தொடங்க நான்கு நாள் இருக்கும்போது லெம்பி தன் கணவன் ஒன்னியின் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஆர்வோவின் பட்டறைக்கு வந்தாள். ஒன்னி போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நவம்பர் பதினைந்தாம் தேதி, வேட்டையின் முதல் நாள், காட்டில் அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் இந்த வருஷம் தானே போய் உட்காரப்போவதாகச் சொன்னாள். ஆனால் இரண்டாவது தோட்டாவிலேயே மக்கர் பண்ணுகிற துப்பாக்கியை நம்பிக் கிளம்ப முடியாது. சரிவராவிட்டால் இதை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாளாம்.

ஆர்வோ அதை வாங்கி மேசைமேல் கிடத்தினார். நோயாளி பழைய ஆள்தான். ஏறக்குறைய நாற்பது வருஷமாக வைத்தியம் பார்த்தும் பிழைக்காத ஒரே நோயாளி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் இரும்புச் சுரங்கத்தில் முதல் சம்பளம் வாங்கிய கையோடு, ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகளை வாங்கினார்கள் ஆர்வோவும் ஒன்னியும். ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். ஒன்னியுடையது குறையில்லாமல் ஓடியது. ஆர்வோவுடையது இரண்டே வருஷத்தில் படுத்துக்கொண்டது. முதல் தோட்டா போகும், இரண்டாவது மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றுவிடும். எல்லோரும் ஒன்றாகத் தங்கும் வேட்டைக் குடிசையில் அவரைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை.

மனுஷன் ரோஷக்காரர். எண்பத்து மூன்றாம் வருஷக் குளிர்காலம் முழுக்கத் துப்பாக்கியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் துடைத்தார், தேய்த்தார், எண்ணெய் போட்டார். அடுத்த நவம்பரில் அது தையல் மெஷின் மாதிரி ஓடியது. அன்றைக்கே அவருக்கு 'டாக்டர்' என்ற பட்டம் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் எந்தத் துப்பாக்கிக்கு எது வந்தாலும் ஆர்வோவிடம்தான் கொண்டுவந்தார்கள்.

அதே நவம்பரில்தான் ஒன்னியின் துப்பாக்கி சிக்க ஆரம்பித்தது. துடைக்காமல் போட்டு வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல் சவ்னா என்ற நீராவிக் குளியல் அறையில் வேர்வை வழிய உட்கார்ந்திருக்கும்போதும் சொன்னார், மாதா கோவில் வாசலிலும் சொன்னார். ஒன்னி பிரஷ் வாங்கினான், விதவிதமான எண்ணெய் வாங்கினான். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தான்.

"உன் கை ராசியான கைடா. தொட்டவன் எல்லாம் பொழைச்சுட்டான், நான் ஒருத்தன்தான் பாக்கி," என்பான்.

இப்போது ஆர்வோ மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். குழலைத் துடைத்தார். தோட்டா ஏறும் வாயை விளக்கடித்துப் பார்த்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். மருந்தில்லாத போலித் தோட்டாக்களை அடுக்கி, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை இழுத்து விட்டார். இரண்டாவது தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

லெம்பி அடுப்பருகே காபி குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே மாதிரிதானே, உங்கள் மேகசினை இதில் போட்டுப் பாருங்களேன் என்றாள். பெண்பிள்ளை கேட்கிறாளே என்று, தோட்டாக்கள் அடுக்கும் அந்தத் தகரக் கூட்டைத் தன் துப்பாக்கியிலிருந்து கழற்றி ஒன்னியுடையதில் மாட்டினார். நான்கு தோட்டாவும் வழுக்கிக்கொண்டு ஏறின. ஒன்னியின் மேகசினைத் தன் துப்பாக்கியில் மாட்டினார். இரண்டாவதில் நின்றது.

ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மேகசினின் உதட்டை, தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல்விளிம்பை, திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் குறடு கடித்த தடம் இருந்தது. மூன்று பல், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு பல். எதிர்ச் சுவரில் தொங்கிய அவருடைய குறட்டில் ஒரு பல் உடைந்திருந்தது. எண்பத்தொன்றில் லாரியிலிருந்து கீழே போட்டு நசுக்கிய தன் மேகசினை அவரேதான் அந்தக் குறட்டால் நிமிர்த்தினார்.

குடிசையில் ஒரு சட்டம் உண்டு. யாரும் தோட்டாவோடு உள்ளே வரக் கூடாது, மேகசினைக் கழற்றி வாசலில் இருக்கும் காபி டப்பாவில் போட வேண்டும். எண்பத்து மூன்றாம் வருஷ வேட்டையின் கடைசி நாள் இரண்டு பேரும் டப்பாவில் கையில் அகப்பட்ட மேகசினை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். டாக்டர் எந்த வைத்தியமும் செய்யவில்லை. ஒன்னியின் மேகசின் ஆரம்ப வருஷங்களில் நன்றாக ஓடியதுதானே என்று, அதை மட்டும் அவர் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

உதட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டு, சரியாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போ என்று சொன்னால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. பட்டமும் பத்திரமாக இருக்கும். அவருக்கு அந்த ஆசை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"லெம்பி, இந்த மேகசின் என்னோடது," என்றார். "நல்லது எங்கிட்ட இருந்திருக்கு. இத்தனை வருஷமும் அவன் இதை வெச்சுக்கிட்டு மாரடிச்சிருக்கான். அவன் துடைக்கலைன்னு ஊர் பூரா சொன்னவன் நான்."

லெம்பி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமையானா சாப்பாட்டு மேசை முழுக்கத் துப்பாக்கி எண்ணெய். நான் அவரைத் திட்டாத திட்டு இல்ல," என்றாள்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆர்வோ தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்து பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது மட்டும் அவருக்குத் தெரிஞ்சிருந்தா உங்களை விட்டிருப்பாரா? டாக்டர், டாக்டர்னே உங்களை ஊரைவிட்டு ஓட வெச்சிருப்பாரு."

ஓட வைத்திருப்பான்தான். சவ்னாவில் சொல்லியிருப்பான், பெட்ரோல் பங்கில் சொல்லியிருப்பான், பாதிரியாரைக்கூட விட்டிருக்க மாட்டான். ஆர்வோவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்தக் கேலியை அவன் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட மனம் கிடந்து ஏங்கியது.

நல்ல மேகசினை அவள் துப்பாக்கியிலேயே விட்டு, தோட்டாக்களைக் கழற்றிவிட்டு நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"வேட்டைக் குடிசையில எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லணும்," என்றாள். "இப்ப எனக்கு ஒரு தரம் சொல்லுங்க, முதல்லேருந்து. அவரு எங்கெங்க சிரிப்பாருன்னு எனக்குத் தெரியும். அங்கங்க நான் சிரிக்கிறேன்."

ஆர்வோ துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, கடையில் இரண்டு பேரும் துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே லெம்பி மூக்கால் சிரித்தாள், அச்சாக ஒன்னி மாதிரியே.