மூன்றாவது வரிசைக்கு வழி

லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர் அவர். கதவு திறக்காமல் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் பிழைப்பே. அப்படிப்பட்ட மகானுபாவர் வண்டி வாங்கப் போன இடத்தில் எல்லாவற்றையும் பார்த்தார், கதவைத் தவிர. இப்போது கேட்டால் தலையில் அடித்துக்கொண்டு அவரே சொல்லுவார்.

மனைவி வேன்தான் வேண்டும் என்றாள். பக்கவாட்டில் நகரும் கதவு, நடுவில் நடந்து போக வழி. இரட்டைக் குழந்தைகள் இருவரையும் குழந்தை இருக்கையில் கட்டிவிட்டால், பெரிய மகள் பின்னால் போய் உட்கார்ந்துவிடலாம். நியாயமான பேச்சுதான். நம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது.

"இதை ஓட்டிட்டுப் போனா, ஸ்கூல் வண்டின்னு நினைச்சு வழியில நிக்கிற பிள்ளைங்கல்லாம் ஏறிடும்."

"ஏறட்டுமே. உங்களுக்கென்ன குறைஞ்சு போகுது?"

"நாளைக்கே மலைப்பாதையில போகணும்னா?"

"நாம எப்பங்க மலைக்குப் போனோம்? முதல் மாடிக்கே உங்களுக்கு லிஃப்ட் வேணும்."

வீராப்பு ஜெயித்தது. மூன்று வரிசை எஸ்யூவி, கன்னங்கரேலென்று, வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. சாவி கைக்கு வந்ததும் மனுஷனுக்கு நடையே மாறிவிட்டது. கம்பெனிப் பட்டறையில் லிஃப்ட் மெக்கானிக்குகளை நிறுத்திவைத்து வண்டியின் பிரதாபங்களை அளந்தார். பாவம், யாரும் கேட்கவில்லை.

குழந்தை இருக்கைகளைப் பூட்டிய பிறகுதான் குட்டு உடைந்தது. மூன்றாவது வரிசைக்குப் போக வேண்டுமானால் நடு சீட்டை மடக்க வேண்டும். குழந்தை இருக்கை பூட்டிய சீட் மடங்காது. ஷோரூமில் காலி சீட்டை மடக்கிக் காட்டியபோது, ஆஹா ஓஹோ என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"டிக்கி வழியா ஏறிக்கோம்மா, ஜாலியா இருக்கும்," என்றார் அசடு வழிய.

பத்தாவது படிக்கிற பெண் அவள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். புத்தகப் பையை உள்ளே போட்டாள், சீட்டின் முதுகைத் தாண்டிக் குதித்தாள். "சரிப்பா," என்றாள்.

காலையில் எல்லாருமாகத்தான் கிளம்புவார்கள்; மனைவி டிக்கியைச் சாத்திவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சில நாளில் பெரியவள், பள்ளிக்கு முந்தின திருப்பத்திலேயே இறக்கிவிடச் சொன்னாள். "கொஞ்சம் நடந்தா நல்லதுப்பா." இவரும் நம்பினார். நம்பியதோடு விட்டாரா? என் பொண்ணுக்கு உடம்பு மேல எவ்வளவு அக்கறை பாருங்க என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஒருநாள் நல்ல மழை. அப்போதும் அதே திருப்பம்தான். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு டிக்கியைத் திறந்தார். எதிர்க்கடை ஓரம் ஒதுங்கி நின்ற மாணவிகளில் ஒருத்தி கத்தினாள்: "ஏய், பார்சல் இறங்குதுடி!" எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பெரியவளும் கூடவே சிரித்தாள். அந்த நடை எதற்கென்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை சாவியை மனைவியிடம் கொடுத்தார். "நீ ஓட்டு. பெரியவ முன்னாடி உட்காரட்டும். என்னைப் பட்டறையில இறக்கிவிடுங்க." சொல்லிவிட்டு டிக்கி வழியாக ஏறினார். ஏறினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மனைவி பின்னாலிருந்து தள்ளினாள். முழங்கால் தாடையில் இடிக்க, தொந்தி நெஞ்சுக்கு ஏற, மூச்சுவிட்டால் வண்டியே பிதுங்கிவிடும்போல் போய்ச் சேர்ந்தார்.

பட்டறை வாசலில் மெக்கானிக்குகள் மொத்தப் பேரும் நின்றிருந்தார்கள். பெரியவள் இறங்கி வந்து டிக்கியைத் திறந்தாள். இவருக்கு ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. நடுவில் மாட்டியது மேற்பார்வையாளர்.

"சார், வெளியே எடுக்க ஆளை அனுப்பவா?" என்றது ஒரு குரல்.

மகள் சிரிப்பாள் என்று காத்திருந்தார். சிரித்தால் கணக்குத் தீர்ந்துபோகும் என்றுகூட ஆசைப்பட்டார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இடது காலை மடக்குங்கப்பா. இப்ப திரும்பி, முதுகு காட்டி இறங்குங்க. அப்பதான் யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம்," என்றாள்.

சொன்னபடி இறங்கினார். தரையில் நின்ற பிறகும் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்களேப்பா," என்றாள்.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேடிக்கை பார்த்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"யாராவது இந்த வண்டியை எடுத்துக்கிறீங்களாப்பா? நான் வேன் வாங்கப் போறேன்."