சின்ன இஞ்சின் வண்டி

ஓட்டுநர் பிக்கப்பை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு இறங்கி, கலங்கி ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மலையில் மழை பெய்திருந்தது. அக்கரையில்தான் கல்குவாரி. வண்டியின் பின்பக்கத்தில் எட்டுப் பேர் மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவருடைய தங்கையின் கணவன்.

பழைய வண்டியாக இருந்தால் அவர் யோசித்திருக்க மாட்டார். அதன் பெரிய டீசல் இஞ்சின் இந்தத் தண்ணீரில் உறுமிக்கொண்டே ஏறிவிடும். புது மாடல் இரண்டு வகை இஞ்சினில் வந்தது. பெரிய இஞ்சினுக்கு மட்டும், காற்று இழுக்கும் குழாய் கண்ணாடி ஓரமாகக் கூரைவரை போகும். சின்னதற்கு முன்விளக்குக்குப் பின்னாலேயே முடிந்துவிடும். அழகுக்காக முகப்பைத் தாழ்த்தியதில் வேறு இடம் இல்லை. டீசல் குறைவாகக் குடிக்கும் என்று குவாரி முதலாளி சின்னதையே வாங்கினார். தும்பிக்கையை வெட்டிவிட்டு யானையை ஆற்றில் இறக்கச் சொல்கிறார்கள் என்று மெக்கானிக் அன்றைக்கே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டார். தண்ணீர் ஏறியிருக்கிறது என்று ஓட்டுநர் சொல்லிப் பார்த்தார். விளம்பரத்தில் அந்த வண்டி ஆற்றைப் பிளந்துகொண்டு போவதைத் தான் பார்த்ததாகவும், பயமாக இருந்தால் சாவியை வேறு ஆளிடம் கொடுக்கும்படியும் மேற்பார்வையாளர் சொன்னார்.

"மெதுவா விடுங்க மச்சான்," என்றான் தங்கை கணவன். "எட்டுப் பேரு கனத்துக்கு வண்டி மிதந்தா போயிடும்?"

நடு ஆற்றில் இஞ்சின் ஒருமுறை விக்கி நின்றது. சாவியைத் திருப்பினால் இரும்பு இரும்பில் முட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. கதவிடுக்கு வழியே தண்ணீர் உள்ளே வந்து பாதத்தை நனைத்தது. தங்கை கணவன் பின்பக்கத்தில் கிடந்த கயிற்றின் ஒரு முனையை வண்டியில் கட்டிவிட்டு, மறுமுனையோடு நீந்திப்போய்க் கரை மரத்தில் கட்டினான். அதைப் பிடித்துத்தான் எல்லோரும் கரையேறினார்கள். கடைசி ஆளுக்குக் கைகொடுக்கத் திரும்ப இறங்கியவனை மட்டும் ஆறு கொண்டுபோனது.

வண்டி தயாரித்த கம்பெனியிலிருந்து பொறியாளர் வந்தார். இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, கையேட்டில் சொன்ன ஆழத்தைத் தாண்டி இறக்கியது ஓட்டுநரின் தவறு என்றார். மேற்பார்வையாளர் தான் போன் செய்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஓட்டுநரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். தங்கைக்கு இரக்கப்பட்டு அவள் கணவன் பார்த்த வேலையைக் கொடுத்தார்கள்.

அவள் அண்ணனைக் குறை சொல்லவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, பழைய வண்டியா இருந்தா தாண்டியிருக்குமா?"

"தாண்டியிருக்கும்மா."

அவள் எழுந்துபோய்க் கணவனின் வேலைச் சட்டையை எடுத்துவந்து, தன் அளவுக்குக் கையை மடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.

அவள் வேலைக்குப் போன முதல் நாள் காலையில் ஓட்டுநரும் கரைவரை கூடவே வந்தார். அதே வண்டிதான். இஞ்சின் புதிது; அதுவும் சின்னதுதான். புது ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, எந்தப் பக்கம் ஆழம் குறைவு என்று கேட்டார்.

அண்ணன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். பாதத்தால் கற்களைத் தடவித் தடவி வண்டிக்கு முன்னால் நடந்தார். தண்ணீர் தொடையைத் தொட்டது. வண்டியின் பின்பக்கத்தில் தங்கை இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரமாகிறது என்று புது ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.