நாலாம் நம்பர் வளையம்

நான் சொன்னது பொய்யில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வெட்கக்கேடு அங்கேதான் தொடங்குகிறது. அஸூஸ் வளையத்தைத் திருடினான் என்று சொன்னேன். அவன் திருடித்தான் இருந்தான்.

எங்கள் கேர்கெனா தீவைச் சுற்றிக் கடல் இடுப்பளவுதான். மைல் கணக்கில் நடந்தே போகலாம். அதனால் எங்களில் பாதிப் பேருக்கு ஒழுங்காக நீந்தத் தெரியாது. வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆழம் என்று இருப்பது படகுத்துறைக்குள் மட்டும். பெரிய படகுகள் வரட்டும் என்று தோண்டி வைத்தது. அந்த ஆழத்துக்குப் பதினேழு வருடமாக நான் பொறுப்பு. ஏணி துருப்பிடித்தால் நூரி, விளக்கு எரியாவிட்டால் நூரி, தீயணைக்கிற மணல் வாளியில் பூனை அசிங்கம் பண்ணினால் அதற்கும் நூரி.

துறைமேடை ஓரத்துக் கம்பங்களில் எட்டு மிதவை வளையங்கள் தொங்கின. தண்ணீரில் விழுந்தவனுக்கு எறிவதற்கு. ஒவ்வொன்றிலும் என் கையால் நம்பர் எழுதியிருந்தேன். ஒரே வருடத்தில் மூன்று காணாமல் போயின. இரண்டாம் நம்பரை ஓர் ஆட்டுப்பட்டியின் வாசலில் கண்டுபிடித்துச் சண்டை போட்டு மீட்டேன். ஏழாம் நம்பர் கோடைக்கு வந்த விருந்தாளிகளோடு கப்பலேறிவிட்டது. நாலாம் நம்பர் போன இடம் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. இரும்புப் பெட்டி ஒன்று செய்யச் சொல்லி, மிச்சமிருந்த ஆறையும் அதில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

அன்று ஹம்மாதியின் காபிக்கடையில் என்னை வைத்துத்தான் பொழுதுபோக்கு.

"நூரி அண்ணே, விழுறவன் முதல்ல விண்ணப்பம் எழுதிக் குடுக்கணுமா?" என்றான் ஹம்மாதி. "போட்டோ எத்தனை வேணும்?"

ஆக்டோபஸ் பிடிக்கிற அஸூஸ் மூலையில் இருந்தான். அவன் வாய் சும்மா இருக்குமா? "அதெல்லாம் வேணாம்ணே. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல யாரும் விழக் கூடாதுன்னு ஒரு போர்டு வெச்சிடுங்க, போதும்."

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"டேய் அஸூஸ், பூட்டைப் பார்த்தா எடுத்தவனுக்குத்தான்டா வலிக்கும்."

சிரிப்பு நின்றது. அவன் கோப்பையைக் கீழே வைத்தான். பாதிக் காபி அப்படியே இருந்தது. எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கடைக்கு வரவே இல்லை.

என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. அவன் படகில் இருந்த பழைய வளையம் மக்கிப்போனது எனக்குத் தெரியும், புதிது வாங்கவில்லை என்பதும் தெரியும், அவ்வளவுதான். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அரசாங்கச் சொத்தைத் திருடுகிறவனுக்குத் துறைப் படிக்கட்டு ஓரத்தில் படகு நிறுத்த இடம் எதற்கு, ரத்து செய்யுங்கள் என்று. அந்த இடம் போனால் அவன் படகைத் தீவின் மறுபக்கத்துச் சேற்றில் நிறுத்தி, ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்குகிற பானைகளையும் பிடித்ததையும் தோளில் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அவனுக்கு முழங்கால் சரியில்லை. அது தெரிந்துதான் எழுதினேன்.

ஜனவரியில் ஒரு காலை ஃபெர்ரியில் ரியாத் என்ற ஆய்வாளர் வந்தார். என் கடிதம் அவர் பைக்குள் இருந்தது. துறை முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று போனில் சொல்லியிருந்தார்.

முந்தின இரண்டு நாளும் நான் பெயின்ட் அடித்தேன். பெட்டிக்குச் சிவப்பு, ஓர் அங்குலம் விடாமல். மேடை விளிம்புக்கு மஞ்சள் பட்டை. அந்தப் பட்டைக்கு அடிக்கிற பெயின்டில் மணல் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் கால் வழுக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மணல் கலந்தால் பளபளப்பு போய்விடும். எனக்குப் பளபளப்பு வேண்டியிருந்தது.

"துறையைச் சுத்தமா வெச்சிருக்கீங்களே" என்றார் ரியாத்.

"நம்ம கடமை சார்" என்று சொல்லிக்கொண்டே, விளிம்பைக் காட்ட ஓரடி பக்கவாட்டில் வைத்தேன். ராத்திரிப் பனி அதன்மேல் அப்படியே இருந்தது.

விழும்போது ஒரு படகின் ஓரத்தில் தோள் மோதியது. அதற்கப்புறம் வலது கை எனக்குச் சொந்தமில்லை. கனத்த கம்பளிக் கோட்டு, ரப்பர் பூட்ஸ். தண்ணீர் பனிக்கட்டி. ஒருமுறை மேலே வந்தபோது எல்லாரும் சிவப்புப் பெட்டியை நோக்கி ஓடுவது தெரிந்தது.

"சாவி! சாவி எங்கய்யா?"

"அவரு இடுப்புலதான் இருக்கு!"

"அவரு எங்க?"

"தண்ணிக்குள்ள!"

யாரோ கல்லால் பூட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. நல்ல பூட்டு. நாலு இடத்தில் விசாரித்து வாங்கியது. உடையவில்லை. அந்த அடியை எண்ணிக்கொண்டே நான் உள்ளே போனேன். சாகப் போகிறேன் என்ற பயத்தைவிட, இப்படியா சாகப் போகிறேன் என்ற அவமானம்தான் நெஞ்சை அடைத்தது. இடுப்பில் சாவி குத்தியது.

இரண்டாம் முறை மேலே வந்தபோது துறை வாயில் வழியாக அஸூஸின் படகு உள்ளே வந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான். பலகைக்கு அடியில் கையை விட்டு எதையோ இழுத்து, யோசிக்காமல் வீசினான். அது என் முகத்துக்கு நேரே வந்து விழுந்தது. இடது கையை அதற்குள் நுழைத்தேன். கண்ணுக்கு முன்னால் என் எழுத்து. நாலு.

மேடையில் என்னைக் கிடத்தினார்கள். உப்புத் தண்ணீரைக் கக்கினேன். அஸூஸ் தன் படகுப் போர்வையைக் கொண்டுவந்து என்மேல் சுற்றினான். பக்கத்தில் வளையம் கிடந்தது, நம்பர் மேலே பார்த்தபடி. மறைக்க நினைத்திருந்தால் ஒரு காலால் புரட்டியிருக்கலாம். அவன் புரட்டவில்லை. கூட்டம் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது.

ரியாத் குனிந்தார். "இது துறையோட வளையம்தானே? கடிதத்துல நீங்க எழுதின ஆள் இவர்தானா, நூரி?"

நான்தான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை. குளிரில் பல் கிட்டிவிட்டது என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். குளிர் இல்லை. பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று உள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது. அவன் போர்வைக்குள் கிடந்துகொண்டு, அவன் கொடுத்த மூச்சை இழுத்துக்கொண்டு, அந்தச் சந்தோஷத்தைப் பட்டேன். இந்த வயதில் என்னைப் பற்றி எனக்கு அது தெரியவந்தது.

கடைசியில் அஸூஸே சொன்னான்.

"நான்தான் எடுத்தேன் சார். என்னோடது மக்கிப் போச்சு. வாங்க வக்கில்ல, கேக்க வெக்கம்."

"சரி" என்றார் ரியாத். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பெட்டியைத் திறங்க. மீதியையும் பார்த்துடறேன்."

எழுந்து பெட்டியருகே போய், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். இடது கைக்குப் பழக்கமில்லாததால்தான் நுழையவில்லை என்று முதலில் நினைத்தேன். ஹம்மாதி வாங்கி முயன்று பார்த்தான். அவனுக்கும் நுழையவில்லை. குனிந்து துவாரத்துக்குள் பார்த்தவன், நகத்தால் சுரண்டினான். சிவப்பாகப் பிசின் போல் உரிந்து வந்தது.

"அண்ணே," என்றான் மெதுவாக, "பூட்டுக்குள்ளயும் பெயின்ட் அடிச்சிருக்கீங்க."

சாவி கரையிலேயே இருந்திருந்தாலும் நான் செத்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ரியாத் படிவத்தை எடுத்தார். "ஒண்ணு எழுதணும். இன்னைக்குக் காலையில இந்தத் துறையில ஒருத்தன் விழுந்தா, கைக்குக் கிடைக்கிற வளையம் எத்தனை?"

"ஒண்ணு சார்."

"எங்க இருக்கு?"

"அஸூஸோட படகுல."

"அந்தப் படகு எங்க நிக்குது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அஸூஸ் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படிக்கட்டு ஓரம் சார். எப்பவும் நிக்கிற இடம். அங்கேயே நிக்கணும். வளையமும் அதுலயே இருக்கணும். அப்படியே எழுதிக்குங்க." சொல்லிவிட்டு, போதாது என்று தோன்றியது. "திருடன்னு கடையில வெச்சு சொன்னேன். அவன்கிட்ட நேரா கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடது."

அவர் எழுதினார். பிறகு பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து என் ஈரக் கையில் கொடுத்தார். அஸூஸ் திரும்பினான். என் கையெழுத்து ஊருக்கே தெரியும். மை கரைவதற்கு முன்னால் தன் பெயரையும், இடத்தை ரத்து செய்யுங்கள் என்ற வரியையும் அவன் படித்துவிட்டான். காபிக்கடைப் பேச்சு அவனுக்குத் தெரியும். நான் இடத்தைப் பறிக்கச் சொன்னது, அந்த நிமிடம்வரை, தெரியாது.

அவன் வளையத்தை எடுத்து, தண்ணீரை உதறி, தோளில் மாட்டிக்கொண்டான். நொண்டிக்கொண்டே இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பினான்.

"போர்வையைக் காய வெச்சுக் குடுங்கண்ணே. அதையும் பெட்டியில வெச்சுப் பூட்டிடாதீங்க."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். ரியாத்கூட. அது ஆக்டோபஸ் நாற்றமடிக்கிற பழைய போர்வை. அதைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன். அவர்கள் எல்லாரும் போகிறவரை முகத்தை வெளியே எடுக்கவில்லை.